மீன் ஒரு டெஸ்ட் கிட் இல்லை

செகண்ட் இயர் செமஸ்டர் லீவுல நான் ஒரு தப்பு பண்ணேன். அதுல ஒரு மீன் செத்துப்போச்சு. "ஒரு மீனுக்கா இவ்வளவு பெரிய கட்டுரை?" என்று கேட்கலாம். கேளுங்க. ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டு கேளுங்க. மீன் தொட்டியே வாங்கப் போறதில்லை என்பவர்களும் படிக்கலாம். இதுல பாதி மீன் பத்தி. மீதி, நம்ம எல்லாருக்கும் இருக்கிற ஒரு பழக்கம் பத்தி: அளந்து பார்க்காம லேபிளை நம்புறது.

நடந்தது இதுதான். வீட்டில் 100 லிட்டர் தண்ணி பிடிக்கிற ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சேன். நல்ல தண்ணி மீனுக்கு இல்லை, கடல் மீனுக்கு. ஆர்ஓ தண்ணியில் மூணரை கிலோவுக்கு மேல் மரைன் சால்ட் கரைச்சு, காய்ந்த பாறை அடுக்கி, மணல் போட்டு, பம்ப் ஓடவிட்டாச்சு. கடைக்கார அண்ணன் ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுத்தார். "தம்பி, இதுக்குள்ள பாக்டீரியா இருக்கு. மொத்தத்தையும் ஊத்திடுங்க, சாயங்காலமே மீன் விட்டுடலாம்." லேபிளிலும் கிட்டத்தட்ட அதேதான் போட்டிருந்தது. ஊத்தினேன். அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு க்ளவுன் ஃபிஷ், அதாவது நம்ம ஊர் பாஷையில் ரெண்டு 'நீமோ', தொட்டிக்குள் போயாச்சு. ஸ்டேட்டஸும் வெச்சாச்சு.

மூணாவது நாள் காலையில் ரெண்டும் தண்ணிக்கு மேலே வந்து வேக வேகமா மூச்சு வாங்கிட்டு இருந்தன. நாலாவது நாள் ஒண்ணு மணல் மேல் சாய்ந்து கிடந்தது. அதுக்கு அப்புறம்தான் ஓடிப்போய் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கினேன். ரீடிங் 1 பிபிஎம். இருக்க வேண்டியது பூஜ்யம்.

இதுல எனக்கு இன்னிக்கும் உறுத்துறது வேற ஒரு விஷயம். அந்த மீன் அம்மோனியாவாலதான் செத்துச்சு என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாட்டில் கெட்டுப்போயிருந்ததா, நான் தீனி அதிகமா போட்டேனா, மீன் கடையிலேயே சீக்கா இருந்ததா, எதுவும் தெரியாது. ஏன்னா, முதல் நாள் ரீடிங் என்கிட்ட இல்லை. ரெண்டாவது நாளும் இல்லை. லேபில் அப்சர்வேஷன் நோட் இல்லாம ரெக்கார்ட் எழுதின கதைதான்.

சைக்கிள்னா என்ன?

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடுறேன். மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியா அம்மோனியாவை வெளியேத்துது. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது கரைஞ்சு காணாமப் போயிடும். 100 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்?

அங்கேதான் பாக்டீரியா வருது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அவ்வளவு மோசம் இல்லை. அப்பப்போ கொஞ்சம் தண்ணி மாத்தினாலே குறைச்சிடலாம். இந்த ரெண்டு கூட்டமும் பெரும்பாலும் தண்ணியில் மிதக்கிறதில்லை. பாறை, மணல், ஃபில்டர் இதன் மேலெல்லாம் ஒட்டிக்கிட்டுதான் வாழும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் போதுமான அளவு இருக்காது. அது வளர்ந்து நிலைக்கிற வரைக்கும் ஓட்டுறதைத்தான் தொட்டியை 'சைக்கிள் பண்றது' என்கிறோம்.

பிரச்சினை வேகத்தில்தான். ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகும். இந்த நைட்ரிஃபையிங் பாக்டீரியாவுக்கு அதே வேலைக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகும். அதனாலதான் ஒண்ணுமே சேர்க்காம விட்டால் ஒரு புதுத் தொட்டி தயாராக ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகுது.

கடல் தொட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணியில் அம்மோனியா ரெண்டு வடிவத்தில் இருக்கும். ஒண்ணு அம்மோனியம் அயனி, அவ்வளவு ஆபத்து இல்லை. இன்னொண்ணு அயனி ஆகாத அம்மோனியா, அதுதான் விஷம். எது எவ்வளவு என்று முக்கியமா பிஹெச் தீர்மானிக்குது. 25 டிகிரியில், பிஹெச் 7 இருக்கிற நல்ல தண்ணியில் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் விஷ வடிவம். கடல் தொட்டியின் பிஹெச் 8.2 வாக்கில் இருக்கும், அங்கே அது சுமார் 7 சதவீதம். பத்து மடங்குக்கும் மேல. தண்ணி சூடானால் இன்னும் ஏறும், நம்ம ஊர் மே மாசம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். நைட்ரைட் கதை இதுக்கு நேர் எதிர். கடல் தண்ணியில் இருக்கிற ஏராளமான குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ளே போறதைப் பெருமளவு தடுத்துடுது. ஆக, கடல் தொட்டியில் முதல் வில்லன் அம்மோனியாதான்.

இட்லி மாவும் உறை மோரும்

இதைப் புரிஞ்சுக்க நம்ம வீட்டு சமையலறையே போதும். இட்லி மாவுக்கு யாரும் தனியா பாக்டீரியா ஊத்துறதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே இருக்கிறதே ராத்திரியில் வேலையை முடிச்சிடும். பால் அப்படி இல்லை. காய்ச்சின பாலில் அந்த உயிர் இருக்காது. உறை ஊத்தினால்தான் தயிர்.

கடலில் இருந்து எடுத்த 'லைவ் ராக்' போட்டு ஆரம்பிக்கிற தொட்டி, இட்லி மாவு மாதிரி. பாக்டீரியா பாறையோடவே வந்துடும். ஆனா அந்தப் பாறைங்கிறது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. பாறை கட்டுற பவளங்கள் நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கு. மன்னார் வளைகுடாவில் இருந்து யாரோ எடுத்துட்டு வந்த துண்டை வாங்கி என் வீட்டு ஹாலில் வைக்கிறது குற்றம். குற்றமாத்தான் இருக்கணும். அதனால நாம காய்ந்த பாறை, செயற்கைப் பாறை, புது உப்பு, ஆர்ஓ தண்ணி இதில்தான் ஆரம்பிக்கணும். அதாவது, நம்ம தொட்டி காய்ச்சின பால். அதுக்கு உறை தேவை. அந்த உறைதான் பாட்டில். அதனால பாட்டில் பாக்டீரியாவுக்கு எதிரா நான் பேசவே இல்லை. வாங்குங்க.

ஆனா உறை ஊத்துற விஷயத்தில் எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச மூணு விஷயம், பாட்டில் ஊத்தும்போது எனக்குத் தெரியலை.

ஒண்ணு, பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உறை ஊத்தினால் உறை செத்துடும். பாட்டிலுக்கும் சூடு ஆகாது. இந்த வகை பாக்டீரியாவுக்கு ஸ்போர் ஆகி, அதாவது கூடு கட்டி, கஷ்ட காலத்தைத் தாண்டுற திறமை கிடையாது. மே மாச வெயிலில் டெலிவரி வண்டிக்குள் நாள் கணக்கில் கிடந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கும்? வெளியில் இருந்து பார்த்தால் ரெண்டு பாட்டிலும் ஒரே கலர்தான்.

ரெண்டு, எந்த உறை என்பது முக்கியம். பேசில்லஸ் வகை பாக்டீரியா ஸ்போர் ஆகும், பவுடராகவே வருஷக்கணக்கில் தாங்கும், அதனால விக்கிறதுக்கு வசதி. அது மிச்சத் தீனியையும் கழிவையும் சிதைக்கும். நல்ல விஷயம்தான். ஆனா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குற நம்ம வேலைக்கு அது ஆள் இல்லை. லேபிளில் 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. நைட்ரிஃபையிங் பாக்டீரியா என்று இருக்கா, எக்ஸ்பைரி தேதி இருக்கா, பாருங்க.

மூணு, உறை ஊத்தினதும் பால் தயிர் ஆயிடாது. விட்டு வைக்கணும். தயிருக்கு ஒரு ராத்திரி. இதுக்கு நாள் கணக்கு.

அப்போ பாட்டில் ஏமாத்து வேலையா?

மீன் வளர்க்கிறவங்க மத்தியில் இப்படிச் சொல்ற ஒரு கூட்டம் எப்பவும் உண்டு. "எல்லாம் கலர் தண்ணிப்பா, காசு தண்டம்." இதையும் நான் ஒத்துக்கலை. அதுக்குக் காரணம் இருக்கு.

பாடப் புத்தகத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று ஒரு ஜோடியைப் படிச்சிருப்போம். தொட்டிகளில் வேலை செய்யுறதும் இந்த ஜோடிதான் என்று ரொம்ப வருஷமா நம்பிட்டு இருந்தாங்க. 1998ல் டிம் ஹோவனெக்கும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் நல்ல தண்ணித் தொட்டிகளில் பார்த்தபோது, நைட்ரைட்டை மாத்திக்கிட்டு இருந்தது நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிஞ்சது. 2005ல் இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல் தொட்டி. அதன் சரளைக் கல்லில் இருந்து அம்மோனியாவைத் தின்கிற ஓர் உயிரைத் தனியாப் பிரிச்சு வளர்த்தாங்க. அது பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற தனி வகை. நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்று பேர் வெச்சாங்க. நாம கடைசியா வாங்கின பாட்டிலில் 'பாக்டீரியா' என்று போட்டிருக்கே, தொட்டிக்குள் யார் உண்மையில் வேலை செய்யுறாங்க என்பதே இவ்வளவு லேட்டாத்தான் தெரிய வந்திருக்கு.

வேலை செய்யாத வகையைப் பாட்டிலில் அடைச்சால், அது எவ்வளவு உயிரோட இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. 'பாட்டில் என்றால் ஏமாத்து' என்ற பேர் அப்படித்தான் வளர்ந்திருக்கணும். இப்போ சரியான வகையை அடைச்ச பாட்டில்கள் இருக்கு. அவை வேலை செய்யுது. நான் எண்ணிப் பார்த்தேன்.

பக்கெட்

முதல் தடவை சொதப்பினதுக்கு அப்புறம், பிழைச்ச ஒரு மீனை அம்பத்தூரில் இருக்கிற ஒரு சீனியர் அண்ணனின் பழைய தொட்டியில் கொண்டுபோய் விட்டேன். என் தொட்டியில் தண்ணியை முழுசா மாத்தி, பாறையைக் கழுவிக் காயவெச்சு, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை மீன் கிடையாது. அம்மோனியாவை நானே போட்டேன்.

அதுக்கு அம்மோனியம் குளோரைடு போதும். நம்ம பாட்டிமார் காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க கையில் இருக்குமே நவச்சாரம், அதேதான். ஆனா கடை நவச்சாரம் வேண்டாம், கலப்படம் இருக்கலாம். லேப் கிரேடு வாங்குங்க. கணக்கு சுலபம்: 100 லிட்டரில் 2 பிபிஎம் அம்மோனியா வேணும்னா 200 மில்லிகிராம் அம்மோனியா. அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, அம்மோனியம் குளோரைடுக்கு 53.5. ஆக சுமார் 0.63 கிராம். இவ்வளவு சின்ன எடையை வீட்டில் நிறுக்க முடியாது. கெமிஸ்ட்ரி லேப் அண்ணன்கிட்ட கெஞ்சி 6.3 கிராம் நிறுத்து வாங்கி, ஒரு லிட்டர் தண்ணியில் கரைச்சு வெச்சுக்கிட்டேன். அதில் 100 மில்லி ஊத்தினால் கணக்கு சரி. 5 பிபிஎம்முக்கு மேல போகாதீங்க. அதிகமானால் அந்த பாக்டீரியாவுக்கே ஆகாது.

புது பாட்டில் ஊத்தினேன். பக்கத்துல ஒரு பக்கெட்டும் வெச்சேன். அதே உப்புத் தண்ணி, ஒரு துண்டு காய்ந்த பாறை, ஒரு ஏர் பம்ப், அதே 2 பிபிஎம் அம்மோனியா. பாட்டில் மட்டும் ஊத்தலை.

இது ஆராய்ச்சி எல்லாம் இல்லை, ஒரே ஒரு பக்கெட்தான். ஆனாலும் நோட்டில் இருக்கிறதைச் சொல்றேன். தொட்டியில் நாலாவது நாள் அம்மோனியா 1.5. எட்டாவது நாள் 0.25, நைட்ரைட் கிட் நல்ல கரும் ஊதா. பதினோராவது நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் உச்சத்தில். அதுக்கு அப்புறம் ஒரு வாரம் நைட்ரைட் அசையவே இல்லை. நான் வெறுத்துப்போன நேரத்தில் திடீர்னு ரெண்டே நாளில் இறங்குச்சு. பத்தொன்பதாவது நாள் மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா போட்டேன். இருபத்து நாலு மணி நேரம் கழிச்சு அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். அன்னிக்குப் பக்கெட்டில் ரீடிங் கிட்டத்தட்ட அதே 2. (நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் நிஜத்தை விட அதிகமா காட்டும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க.)

ஆக, பாட்டில் வேலை செஞ்சது. ஆனா பத்தொன்பது நாள் எடுத்துக்கிட்டு வேலை செஞ்சது. 'சாயங்காலமே' இல்லை.

லோடு டெஸ்ட்

சிவில் பசங்க இதைப் படிச்சால் சிரிப்பாங்க. ஏன்னா இது அவங்க சிலபஸ். ஒரு புது எஸ்டிபியை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற இன்னொரு பிளாண்டில் இருந்து ஸ்லட்ஜ் கொண்டுவந்து போடுவாங்க. கிடைக்கலைன்னா சாணி கரைச்சு ஊத்துறதும் உண்டு. அதுவும் உறைதான். ஆனா ஊத்தின அன்னிக்கே முழு ஹாஸ்டல் கழிவையும் திறந்துவிட மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா லோடை ஏத்துவாங்க, சாம்பிள் எடுப்பாங்க. காத்து போதுமா என்று பார்ப்பாங்க. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரைக்கும் கொண்டுபோக நாலரை கிராமுக்கு மேல ஆக்ஸிஜன் வேணும். மீன் தொட்டியும் அதே பிளாண்ட்தான், சைஸ் மட்டும் சின்னது. ஒரு பாலத்தை லோடு டெஸ்ட் பண்ணாம பஸ் விடக்கூடாது என்று எக்ஸாமில் பக்கம் பக்கமா எழுதுற நாம, வீட்டுக்கு வந்ததும் பஸ்ஸையே விட்டு லோடு டெஸ்ட் பண்றோம்.

என்னோட கருத்து இவ்வளவுதான்: மீனை டெஸ்ட் கிட்டா பயன்படுத்தாதீங்க.

இதுக்கு ரெண்டு பதில் வரும். முதல் பதில், "நான் பாட்டில் ஊத்தின அன்னிக்கே மீன் விட்டேன், ஒண்ணும் ஆகலை." நம்புறேன். பாட்டில் நல்லா இருந்து, தொட்டி பெருசா இருந்து, மீன் சின்னதா இருந்து, தீனி கம்மியா போட்டால் அது நடக்கும். ஆனா மீன் சாகலை என்பதற்கு மீன் கஷ்டப்படலை என்று அர்த்தம் இல்லை. செவுள் எரிஞ்சால் அது நம்மகிட்ட வந்து சொல்லாது. தவிர, செத்துப்போனவங்க யாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறதில்லை. நானே வைக்கலை. மீன் விட்ட அன்னிக்கு வெச்ச ஸ்டேட்டஸைத்தான் எல்லாரும் பார்த்தாங்க.

ரெண்டாவது பதில், "டெஸ்ட் கிட் விலை அதிகம்பா." ஸ்டூடண்ட் பட்ஜெட் எனக்கும் தெரியும். அம்மோனியா, நைட்ரைட் கிட் ரெண்டும் சேர்ந்து பாட்டிலை விட அதிகம் வரலாம். ஆனா ஒரே ஒரு பாட்டில் வாங்கி அளக்காம விடுறதை விட, அந்தக் கிட்டை நாலு ஃபிரண்ட்ஸ் சேர்ந்து வாங்கி ஷேர் பண்றது மேல். ஒரு கிட்டில் நிறைய தடவை டெஸ்ட் பண்ணலாம். பணம் ஒண்ணுக்குத்தான் இருக்கு என்றால், பாட்டிலை விடுங்க, கிட்டை வாங்குங்க. பாட்டில் இல்லாமலும் தொட்டி தயாராகும், லேட் ஆகும், அவ்வளவுதான். கிட் இல்லாமல் தயாராச்சா என்றே உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து டெக்னிக் ஒண்ணும் இருக்கு: ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுறது. செலவு கம்மி. ஆனா எவ்வளவு அம்மோனியா வந்தது என்று கணக்கு இருக்காது. வீட்டில் நாத்தத்துக்கு யார் பதில் சொல்றது என்பதும் உங்க பொறுப்பு.

நான் கடைக்கார அண்ணனைக் குறை சொல்லலை. "இருபது நாள் காத்திருங்க" என்று ஒரு கடையிலும், "இன்னிக்கே விடலாம்" என்று பக்கத்துக் கடையிலும் சொன்னால் நான் எங்கே போயிருப்பேன்? பக்கத்துக் கடைக்குத்தான். லேபிளில் 'உடனே' என்ற வார்த்தை இருக்கிறதுக்குக் காரணம், நாம அதைப் பார்த்து வாங்குறோம் என்பதுதான். இருபது நாள் பொறுக்க முடியாமல் நான் வாங்கிட்டு வந்த அந்த மீன், நல்லா வளர்த்தால் இருபது வருஷம் வரைக்கும் வாழக்கூடிய வகை. என்கிட்ட நாலு நாள் இருந்தது.

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட அந்த பாட்டிலை நீட்டினால், மூணு கேள்வி கேளுங்க. இதுல நைட்ரிஃபையிங் பாக்டீரியா இருக்கா? எக்ஸ்பைரி என்னிக்கு? இவ்வளவு நாள் ஏசி ரூமில் இருந்ததா, வெயிலில் இருந்ததா? பதில் பிடிச்சிருந்தால் வாங்குங்க. வீட்டுக்கு வந்து பாட்டிலோட சேர்த்து அம்மோனியாவையும் ஊத்துங்க. யூவி லைட் இருந்தால் சில நாள் அணைச்சு வைங்க. தினமும் ஒரு ரீடிங், ஒரு நோட்டில், தேதியோட. 2 பிபிஎம் ஒரே நாளில் பூஜ்யம் ஆகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுற அன்னிக்கு மீன் கடைக்குப் போங்க. போய் ஒண்ணே ஒண்ணு, மிஞ்சிப்போனால் ரெண்டு வாங்குங்க. முதல் வாரம் தீனியைக் குறைச்சுப் போடுங்க.

அம்பத்தூரில் இருந்து திரும்பி வந்த மீன் இப்போ ஃபைனல் இயர் வரைக்கும் என் கூட வந்தாச்சு. அதுக்கு ஒரு துணையும் வாங்கி விட்டிருக்கேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், ஜீரோவாவது நாளுக்கு மேல நாலு வரி காலியா விட்டிருக்கேன். முதல் தடவை நான் எடுக்காத ரீடிங்குக்காக.